தாடை மூட்டில் கால்சியம் எப்படிப் படிகிறது?

"ஸ்கேனில் தாடை மூட்டில் கால்சியம் படிந்திருக்கிறதாம், கால்சியம் மாத்திரையை நிறுத்திவிடவா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அதை மருத்துவரைக் கேட்காமல் செய்யாதீர்கள். விழுங்கிய கால்சியம் நேராகப் போய் மூட்டில் உட்கார்ந்துகொள்வதில்லை.

காதுக்கு முன்னால் விரல் வைத்து வாயைத் திறந்தால் அசைகிறதே, அதுதான் அந்த மூட்டு. கீழ்த்தாடையின் குமிழுக்கும் மண்டையோட்டுக் குழிக்கும் நடுவே ஒரு மெல்லிய வட்டு இருக்கிறது. வாய் திறக்கும்போது குமிழ் முதலில் சுழலும், அப்புறம் வட்டோடு சேர்ந்து முன்னால் சறுக்கும். வட்டு நழுவியோ கிழிந்தோ போனால் மூட்டு தேயும், எலும்பின் ஓரத்தில் முள் முளைக்கும். மற்ற மூட்டுகளிலும் ஏறக்குறைய இதே கதைதான்.

எனக்குப் பிடித்த இடம், கால்சியம் படிகமாகப் படியும் கதை. குருத்தெலும்பு செல்கள் வெளியே விடும் ஏடிபியை (செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு) ஒரு நொதி உடைக்கும்போது பைரோபாஸ்பேட் கிடைக்கிறது. இது காவல்காரன்: எலும்பில் இருக்கும் ஹைட்ராக்சிஅபடைட் என்ற கால்சியம் உப்பு குருத்தெலும்பிலும் வளர்ந்துவிடாமல் தடுக்கிறது. ஒரு மரபணு பழுதானதால் இந்தக் காவல் குறைந்துபோன எலிகளின் மூட்டுகள் கால்சியம் ஏறி இறுகியே போய்விடுவதை 2000இல் வெளியான ஆய்வு காட்டியது. சரி, பைரோபாஸ்பேட் கூடினால்? அதுவே கால்சியத்தோடு சேர்ந்து கால்சியம் பைரோபாஸ்பேட் என்ற வேறொரு படிகமாகிவிடுகிறது! குறைந்தால் ஒரு உப்பு, கூடினால் இன்னொரு உப்பு. நடுவில் இருக்கும் அந்தச் சமநிலையில்தான் நம் மூட்டுகள் ஓடுகின்றன. மிஞ்சியதை உடைக்கும் நொதிக்கு மக்னீசியம் வேண்டும். அதனால்தான் 60 வயதுக்கு முன்பே இந்தப் படிக நோய் வந்தால் மக்னீசியம், பாராதைராய்டு ஹார்மோன், இரும்புச்சத்து எல்லாம் சோதிக்கச் சொல்கிறார்கள்.

படிகம் பல வருடம் சும்மா கிடக்கலாம். மூட்டு நீருக்குள் உதிர்ந்தால்தான் வம்பு: வெள்ளணுக்கள் அதை விழுங்க, உள்ளே அபாய மணி அடித்து, வீக்கத்தைக் கிளப்பும் இன்டர்லூக்கின்-1 என்ற புரதம் கொட்டுகிறது. காதுக்கு முன்னால் வீங்கும், வாய் திறக்காது, சிலருக்குக் கட்டியோ என்று சந்தேகிக்கும் அளவுக்குத் திரளும். மூட்டு நீரைத் முனைவாக்கிய ஒளி நுண்ணோக்கியில் பார்த்தால் சாய்சதுரப் படிகங்கள் தெரியும். யூரிக் அமிலப் படிகத்தால் வரும் கௌட் என்ற மூட்டு நோய் என்றால் ஊசி மாதிரி இருக்கும். 1962இல் அமெரிக்க மருத்துவர் மெக்கார்ட்டியின் குழுவினர் இந்த நோயைக் கௌட்டிலிருந்து பிரித்துச் சொன்னார்கள்.

கௌட் படிகத்தைக் கரைய வைக்க மருந்துகள் உண்டு. இதற்கு இன்றுவரை ஒன்றுகூட இல்லை. கோல்சிசின், ஸ்டீராய்டு என்று வீக்கத்தை அடக்கலாம், முற்றினால் அறுவை சிகிச்சை. வயதானால் வருவதுதானே என்று ஆராய்ச்சிப் பணத்தைக் கிள்ளிக் கொடுப்பது அநியாயம் என்பேன். எந்த நொதியைப் பிடிக்க வேண்டும் என்பதுவரை தெரிந்த நோய் இது.