கிரியோனை வில்லனாக நடிக்காதீர்கள்

நடிப்புப் பயிற்சி கொடுக்கப் போகும் இடமெல்லாம் ஒரே தவறைப் பார்க்கிறேன். பழைய கிரேக்க நாடகாசிரியர் சோபோக்ளிஸின் 'ஆன்டிகனி' நாடகத்தில் அரசன் கிரியோன் வேடம் யாருக்குக் கிடைத்தாலும், முதல் காட்சியிலேயே கண்ணை உருட்டிக் கத்த ஆரம்பித்துவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால், "திமிர் பிடித்த ராஜாதானே சார், அதனாலதானே அழியிறான்" என்பார்கள்.

அப்படி நடித்தால் அவன் வீழும்போது பார்ப்பவர்களுக்கு 'நல்லா வேணும்' என்றுதான் தோன்றும். படுகெட்டவன் வீழ்ந்தால் இரக்கமும் வராது, பயமும் வராது என்று அரிஸ்டாட்டிலே சொல்லிவிட்டார். ரொம்ப நல்லவனும் இல்லாமல் கெட்டவனும் இல்லாமல், பெரிய இடத்தில் இருக்கும் ஒருவன் ஏதோ ஒரு பிழையால் விழ வேண்டும். அந்தப் பிழையை அவர் ஹமார்ட்டியா என்றார். எறிந்த ஈட்டி குறி தப்புவதற்கும் கிரேக்கத்தில் அதே வேர்ச்சொல்தான். அதைக் 'குணக்கேடு' என்று சுருக்கிப் படித்துவிட்டு வருவதால்தான் இவ்வளவு கத்தல்.

கிரியோனின் முதல் பேச்சை நிதானமாக வாசித்துப் பாருங்கள். சண்டை அப்போதுதான் ஓய்ந்திருக்கிறது. நாட்டைவிட நண்பனைப் பெரிதாக நினைப்பவனை நான் மதிக்க மாட்டேன் என்கிறான். நாடகம் மேடையேறி ஏறக்குறைய நூறு வருடம் கழித்து, கி.மு. 343-இல், ஏதென்ஸ் பேச்சாளர் டெமஸ்தனீஸ் தன் எதிராளியை மடக்க இந்த வரிகளைத்தான் நீதிமன்றத்தில் நல்ல கொள்கையாக எடுத்துக் காட்டினார். நாட்டின்மேல் படையெடுத்து வந்து செத்தவனை அடக்கம் செய்யக்கூடாது என்று தடை போடுகிறான். அந்தப் பிணமும் சொந்த உறவுதான், கூடப்பிறந்தவளின் மகன். தன் ரத்தத்துக்கே சலுகை காட்டாத அரசன் என்றுதான் அவன் தன்னை நினைத்துக்கொள்கிறான்.

சரி, குறி எங்கே தப்புகிறது? எல்லாரும் அந்தத் தடையைச் சொல்வார்கள். நான் ஒத்திகையில் நிறுத்திக் காட்டுவது வேறு இடம். குருட்டுச் சோதிடர் டைரீசியஸ் எச்சரித்துவிட்டுப் போன பிறகு கிரியோன் நடுங்கிப்போய், என்ன செய்யட்டும் என்று முதியவர்களைக் கேட்கிறான். தடையை மீறி உடன்பிறந்தவனைப் புதைக்கப் போனதற்காகக் குகையில் அடைத்த ஆன்டிகனியை முதலில் விடுவி, அப்புறம் பிணத்துக்குக் கல்லறை கட்டு என்கிறார்கள். அவனோ முதலில் பிணத்தைக் கழுவி, எரித்து, மண்மேடு எழுப்பிவிட்டுத்தான் குகைக்குப் போகிறான். அதற்குள் ஆன்டிகனி தூக்கில் தொங்குகிறாள். அவளைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்த மகன் ஹீமோன், அவளை மணக்க இருந்தவன், அப்பாவின் மேல் வாளை ஓங்கி, அது தவறிப்போக, தன் விலாவிலேயே பாய்ச்சிக்கொள்கிறான். செய்த தவறைச் சரிசெய்ய உண்மையாகவே ஓடியவன் வரிசையை மாற்றிவிட்டான், அவ்வளவுதான். இதை நினைத்தால் இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

மகனின் உடலோடு அவன் மேடைக்கு வரும்போது தெய்வத்தையும் விதியையும் சொல்லிப் புலம்பத்தான் செய்கிறான், ஆனால் குற்றம் என்னுடையது, வேறு யார் மேலும் போடமுடியாது என்றும் சொல்கிறான். நம் பாண்டியன் 'யானோ அரசன், யானே கள்வன்' என்று சொன்ன கையோடு உயிரை விட்டுவிட்டான். கிரியோனுக்கு அதுகூடக் கிடைப்பதில்லை. மனைவியும் போய்விட்டாள் என்ற செய்தி வருகிறது, சாவு வரட்டும் என்று கெஞ்சுகிறான், வராது என்கிறார்கள். யாராவது என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று கேட்கிறான். அந்த வரியை மட்டும் கத்தாமல் சொல்லுங்கள்.