ஸ்போர்ட்ஸ் கார் எப்போது வாங்கலாம்? விலைச் சரிவின் கணக்கு

2016 நவம்பரில் ஃபோக்ஸ்வேகன் போலோ ஜி.டி.ஐ. இந்தியாவுக்கு வந்தது. 1.8 லிட்டர் டர்போ என்ஜின், 192 குதிரைத்திறன், முழு இறக்குமதி. மொத்தமே 99 வண்டிதான் என்றார்கள். எக்ஸ்-ஷோரூம் விலை 25 லட்சத்தைத் தாண்டியது. போலோவுக்குப் போய் இவ்வளவா என்று பலரும் ஒதுங்கிக்கொண்டார்கள். ஒரு வருடம் கழித்து அதே வண்டியின் விலை 19.99 லட்சமாக இறங்கியது. பொறுத்தவருக்கு ஐந்தாறு லட்சம் மிச்சம்.

2025 அக்டோபரில் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். வந்தது. 100 வண்டி, 49.99 லட்சம். பொறுத்தார் பூமியாள்வார் என்று உட்கார்ந்திருந்தவருக்கு இந்தத் தடவை வண்டியே இல்லை. முன்பதிவிலேயே நூறும் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈ.சி.ஆர். வழியாகப் புதுச்சேரிக்குள் வரும் மஸ்டாங்கையும் போர்ஷவையும் பார்த்து, டீக்கடையில் நிற்பவர்கள் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “செகண்ட்ஸ்ல இது இப்ப என்ன விலைக்கு வரும்ணே? இன்னும் ரெண்டு வருஷம் போனா இறங்குமில்ல?” இறங்கும். ஆனால் அந்த இறக்கத்தில் இரண்டு தனித்தனி விஷயங்கள் பின்னிக்கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்காததால்தான் காத்திருப்பவர்களில் பாதிப்பேர் எதற்காகக் காத்திருக்கிறோம் என்றே தெரியாமல் காத்திருக்கிறார்கள்.

ஒன்று, வண்டிக்கு வயதாவதால் வரும் இறக்கம். இன்னொன்று, சந்தையே நகர்வதால் வரும் இறக்கம்.

வயது இறக்கத்தை முதலில் பார்த்துவிடலாம். காப்பீட்டு நிறுவனங்கள் வண்டியின் மதிப்பைக் கணக்கிட ஒரு படிக்கட்டு வைத்திருக்கின்றன. ஆறு மாதம் வரை 5 சதவீதக் கழிவு, ஒரு வருடம் வரை 15, இரண்டு வருடம் வரை 20, பிறகு வருடத்துக்குப் பத்துப் பத்தாக ஏறி, ஐந்து வருடம் ஆகும்போது 50. இந்தக் கழிவு போக மிஞ்சும் மதிப்புதான் பாலிசியில் ஐ.டி.வி. என்று போட்டிருக்கும் தொகை. சந்தை இவ்வளவு ஒழுங்காக இறங்குவதில்லை. முதல் வருடத்தில் சடாரென்று சரியும், அப்புறம் மெல்ல மெல்ல.

முதல் வருடம் ஏன் அப்படி? இதற்கு 1970-ல் ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் பழைய கார் சந்தையை வைத்தே ஒரு விளக்கம் தந்தார். விற்பவருக்கு வண்டியின் வரலாறு தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எட்டு மாதத்தில் ஒருவர் வண்டியை விற்கிறார் என்றால், ஏதோ கோளாறு இருக்குமோ என்ற சந்தேகம் தானாக வரும். அந்தச் சந்தேகத்துக்காக விலையைக் குறைத்துத்தான் கேட்பார்கள். விலை குறைவதால் நல்ல வண்டி வைத்திருப்பவர் விற்கவே முன்வரமாட்டார். மிஞ்சுவதில் மோசமான வண்டிகளின் பங்கு கூடும், விலை இன்னும் இறங்கும். இந்த ஆய்வுக்காக 2001-ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. “சிங்கிள் ஓனர், ஷோரூம் சர்வீஸ்ணே” என்று புரோக்கர் வாய் ஓயாமல் சொல்வதும் இந்தச் சந்தேகத்தை உடைக்கத்தான்.

ஓர் எண் கணக்கு போடுவோம். 80 லட்ச ரூபாய் வண்டி. முதல் வருடம் 20 சதவீதம், பிறகு வருடத்துக்கு 12 சதவீதம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வருடத்தில் 64 லட்சம், இரண்டில் 56.3, மூன்றில் 49.6, நான்கில் 43.6. புதிதாக வாங்கியவருக்கு முதல் வருடம் 16 லட்சம் போய்விட்டது. 80 லட்சத்தை 7 சதவீத வைப்புநிதியில் போட்டிருந்தால் கிடைத்திருக்கும் 5.6 லட்சமும் போய்விட்டது. ஆக, அந்த ஒரு வருடம் வண்டி ஓட்டியதற்கு அவர் கொடுத்தது 21.6 லட்சம். மூன்று வருட வண்டியை 49.6-க்கு வாங்கியவருக்கு அதே கணக்கில் தேய்மானம் சுமார் 6, வட்டி 3.5, பழுதுக்கு ஒரு 2 லட்சம் சேர்த்தாலும் 11.5 லட்சம். கிட்டத்தட்டப் பாதி. நாம் வண்டிக்குக் கொடுத்த விலை வேறு, வண்டி நம்மிடமிருந்து தின்ற தொகை வேறு. பொருளாதாரத்தில் இரண்டாவதைத்தான் பயன்பாட்டுச் செலவு என்பார்கள்.

ரொம்பப் பழையதாக வாங்கினால் இன்னும் மிச்சமாகுமா? ஓரளவுக்குத்தான். வண்டியின் விலை பாதியாகலாம், அதன் பிரேக் டிஸ்க்கின் விலை பாதியாவதில்லை. உதிரிபாகம் எப்போதும் 80 லட்ச வண்டிக்கானதுதான். வாரண்டி முடிந்த பிறகு கியர்பாக்ஸ் ஒன்று போனால், சேமித்த தேய்மானமெல்லாம் ஒரே பில்லில் கரைந்துவிடும். தேய்மானக் கோடு இறங்கிக்கொண்டே வர, பழுதுக் கோடு ஏறிக்கொண்டே வரும். இரண்டின் கூட்டுத்தொகை எங்கே குறைவோ அதுதான் வாங்க வேண்டிய வயது. பெரும்பாலான வேகக் கார்களுக்கு அது மூன்றிலிருந்து ஐந்து வருடத்துக்குள் விழும் என்பது என் அபிப்பிராயம்.

டீக்கடைக் கேள்விக்கு இங்கேதான் பதில். “இன்னும் ஒரு வருஷம் பொறுத்தா இந்த வண்டி 43.6-க்கு வரும், ஆறு லட்சம் லாபம்” என்று தோன்றும். அப்போது கைக்கு வருவது நான்கு வருட வண்டி. அந்த ஆறு லட்சத்துக்கான ஓட்டத்தை வேறு யாரோ ஓட்டித் தீர்த்திருப்பார். அடுத்த வருடமும் மூன்று வருட வண்டியே வேண்டும் என்றால், புதிய வண்டியின் விலை மாறாதவரை, அதே 49.6 லட்சம்தான். நிறுவனம் ஜனவரியில் நான்கு சதவீதம் ஏற்றியிருந்தால் பழைய வண்டிக்காரரும் அதைப் பார்த்துக் கூட்டித்தான் சொல்வார். எந்த வயது வண்டி என்பது ஒரு தீர்மானம், எந்த மாதம் என்பது வேறு தீர்மானம். வயது இறக்கத்துக்காகக் காத்திருப்பதில் கால்காசு லாபமில்லை. காத்திருப்பதற்குக் கூலி கிடைப்பது சந்தை நகரும்போது மட்டும்தான்.

சந்தை எப்படி நகர்கிறது? மெதுவாக அல்ல, தாவித் தாவி. 2025 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டை உரையில் ஜி.எஸ்.டி. குறைப்பு அறிவிக்கப்பட்டது, செப்டம்பர் 22 அன்று நடைமுறைக்கு வந்தது. பெரிய என்ஜின் கார்களுக்கு அதுவரை 28 சதவீத வரியும் அதன்மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் இருந்தன. எஸ்.யு.வி. அல்லாத பெரிய கார்களுக்கு இரண்டும் சேர்ந்து 48. அது 40 ஆனது. 148 ரூபாய் இருந்த இடத்தில் 140, அதாவது விலையில் 5.4 சதவீதம் குறைவு. 80 லட்ச வண்டியில் நாலே கால் லட்சத்துக்கு மேல். அந்த ஐந்து வாரம் காத்திருந்தவர் ஒரு கிலோமீட்டர் தேய்மானமும் இல்லாமல், அதே புத்தம்புது வண்டியைக் குறைந்த விலைக்கு எடுத்தார். பழைய வண்டிகளின் விலைக்குக் கூரை புதிய வண்டியின் விலைதான் என்பதால் அவையும் கூடவே தாழ்ந்தன.

முழு இறக்குமதி வண்டிகளில் தாவல் இன்னும் பெரிது. 40,000 டாலருக்கு மேற்பட்ட காருக்குச் சுங்க வரி எல்லாம் சேர்ந்து 110 சதவீத அளவில் இருந்து வந்திருக்கிறது. துறைமுகத்தில் இறங்கும்போது 60 லட்சம் என்றால், வரியோடு 126 லட்சம், அதன்மேல் 40 சதவீத ஜி.எஸ்.டி. போட்டால் 176.4 லட்சம். அதாவது இறங்கும் விலையில் ஒரு லட்சம் கூடினால் ஷோரூம் விலையில் 2.94 லட்சம் கூடும். இந்தப் பெருக்கல்தான் முக்கியம். 2025 தொடக்கத்தில் 90 ரூபாய்க்குக் கீழே இருந்த யூரோ, அந்த வருடம் முடிவதற்குள் 100-ஐத் தாண்டியது. ஜி.எஸ்.டி. குறைப்பில் கிடைத்ததை யூரோ தின்றுவிட்டு மேலும் கேட்டது. ஆடித் தள்ளுபடிக்காக நாள்காட்டியைப் பார்ப்பவர், இந்த மாதிரி வண்டிகளுக்கு யூரோ விலையைப் பார்ப்பது உத்தமம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 2025 ஜூலை 24 அன்று இந்தியாவும் பிரிட்டனும் கையெழுத்திட்ட வர்த்தக ஒப்பந்தத்தில், கார்களுக்கான சுங்க வரியை, இத்தனை வண்டிக்குத்தான் என்ற ஒதுக்கீட்டு எண்ணிக்கைக்குள் படிப்படியாக 10 சதவீதம் வரை குறைக்க வழி இருக்கிறது. வெறும் பெருக்கலாகப் பார்த்தால் மேலே சொன்ன 176.4 லட்ச வண்டி 92.4 லட்சத்துக்கு வர வேண்டும். அப்படியே வந்துவிடாது. ஒதுக்கீடு குறைவு, குறைப்பு தவணை தவணையாக வரும், நிறுவனமும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். ஆனாலும் 110 சதவீத வரி கட்டி வந்த வண்டி ஒன்று இப்போது பழைய வண்டிச் சந்தையில் நிற்கிறது என்றால், அதன் விலைக்குள் நாளை இல்லாமல் போகக்கூடிய வரி ஒளிந்திருக்கிறது. இன்றைய நிலையில் மிகவும் யோசித்து வாங்க வேண்டியது, ஒரு வருடமே ஆன, வரி குறையக்கூடிய நாட்டிலிருந்து வந்த இறக்குமதி வண்டி. இந்தியாவில் பாகம் பூட்டிய வண்டிக்கு இந்தப் பயம் குறைவு.

முதலில் சொன்ன 99, 100 கதைக்கு வருவோம். ரொனால்ட் கோஸ் என்ற பொருளாதார அறிஞர் 1972-ல் ஒரு சிக்கலை எடுத்துச் சொன்னார்: நீண்டநாள் உழைக்கும் பொருளை விற்கும் நிறுவனத்துக்குப் போட்டி அதே நிறுவனத்தின் நாளைய விலைதான். நாளை குறைப்பார்கள் என்று வாங்குபவர் நம்பிவிட்டால் இன்று வாங்கமாட்டார். அந்த நம்பிக்கையை உடைக்க ஒரு வழி, இத்தனை வண்டிதான் என்று எண்ணைச் சொல்லிக் கையைக் கட்டிக்கொள்வது. ஆனால் எண் மட்டும் போதாது. அந்த விலைக்கு வாங்க ஆள் அந்த எண்ணைவிடக் குறைவாக இருந்தால் அறிவிப்பு வெறும் அறிவிப்புதான். ‘லிமிடெட் எடிஷன்’ என்ற வார்த்தையைப் பார்த்து ஓடுவதைவிட, மூன்றாவது வாரத்திலும் ஷோரூமில் வண்டி நிற்கிறதா என்று பார்ப்பது மேல்.

சில வண்டிகள் இறங்கி, நின்று, மறுபடி ஏறும். கடலூர் துறைமுகத்தில் காலையில் ஒரு விலை போன மீன் மதியத்துக்குள் பாதிக்கு வந்துவிடும். அதையே பக்குவமாக உப்பிட்டுக் காயவைத்தால் கருவாடாக வேறு ஒரு விலை பேசும். எல்லா மீனும் நல்ல கருவாடாகாது என்பதுதான் இதில் சூட்சுமம். போர்ஷ 911-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். காற்றால் குளிரும் என்ஜின் கொண்ட கடைசி 911 1998-ல் நின்றது. அதற்குப் பின் வந்த, தண்ணீரால் குளிரும் 996 என்ற மாடலை ரசிகர்கள் அதன் முகப்பு விளக்கைப் பார்த்துப் பொரித்த முட்டை என்று கேலி செய்தார்கள். என்ஜினுக்குள் ஒரு பேரிங் உடையும் என்ற பயமும் சேர, நெடுங்காலம் மிக மலிவான 911 அதுதான். கேலி பழசாகி, அந்தப் பேரிங்குக்கும் வழி கண்டுபிடித்த பிறகு அதன் விலையும் ஏறத் தொடங்கியது. திரும்ப ஏறும் வண்டிகளுக்குப் பொதுவாகச் சில அடையாளங்கள்: மேனுவல் கியர், பெரிய என்ஜின், இனி வராது என்ற நிச்சயம். 2007-ல் தொடங்கிய நிசான் ஆர்35 ஜி.டி.-ஆர் சுமார் 48,000 வண்டிகளோடு 2025 ஆகஸ்டில் நின்றுவிட்டது. அப்படிப்பட்ட வண்டிக்கு அடி விலை எப்போது என்று காத்திருந்தால், அடி கடந்து போன பிறகுதான் அது அடி என்று தெரியும்.

உள்ளூர்க் கணக்கு ஒன்று பாக்கி. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். 80 லட்ச வண்டிக்குப் பதினாறு லட்சம். புதுச்சேரியில் இதில் ஒரு சிறு பங்குதான் ஆகும். கடலூரிலிருந்து வடக்கே வந்து முள்ளோடையில் எல்லையைத் தாண்டினால் போதும். (கடலூர்க்காரர்கள் முள்ளோடைக்கு வருவது வழக்கமாக வேறொரு விலை வித்தியாசத்துக்காக.) கேரளப் பிரபலங்கள் சிலர் புதுச்சேரி முகவரி காட்டி வண்டி பதிந்த விவகாரம் 2017-ல் வழக்குவரை போனதும் இதே மாதிரி வரி வித்தியாசத்தால்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவுப்படி, வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். ஆகவே பி.ஒய்.01 என்ற புதுச்சேரிப் பதிவு வண்டி மலிவு என்பது புதுச்சேரியில் குடியிருப்பவருக்கு மட்டுமே உண்மை. கடலூர்க்காரர் என்.ஓ.சி. என்ற தடையின்மைச் சான்று வாங்கி, வண்டியின் வயதுக்கேற்ற தமிழ்நாட்டு வரியையும் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் கடலூர்ப் பதிவான டி.என்.31 வண்டியோடு ஒப்பிட வேண்டும்.

இங்கே வண்டியின் வயதை ஆர்.சி. புத்தகத்தை மட்டும் பார்த்துச் சொல்லவும் முடியாது. சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும்போது காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். கடலோர இரவுகளில் ஈரப்பதம் அந்த அளவைச் சாதாரணமாகத் தொடும். அடிப்பாகத்தில் படிந்த உப்பு ராத்திரியில் நனைந்து மின்பகு திரவமாகிறது. அலுமினியப் பாகத்தில் இரும்பு போல்ட் சேரும் இடங்களில் அரிப்பு நடக்கிறது, பகலில் காய்கிறது, மறுபடி நனைகிறது. கடற்கரையை ஒட்டிய தெருவில் வெளியே நிறுத்திய வண்டிக்கும், நான்கைந்து கிலோமீட்டர் உள்ளே ஷெட்டில் நின்ற வண்டிக்கும் விலை ஒன்றாக இருக்க நியாயமில்லை. லிஃப்டில் ஏற்றி, அடியில் இருக்கும் சப்-ஃபிரேம் சட்டத்தின் போல்ட்களைப் பார்த்தால் எந்த வண்டி எது என்று தெரிந்துவிடும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடத்தின் 23-வது வாரம். எட்டாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியது என்று சொல்லும் வண்டியில் டயர் அந்தக் காலத்ததாக இருந்தால், ஓட்டத்தைப் பற்றிச் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நான்கு புது டயரின் விலையை உடனே கழித்துக்கொள்ளலாம்.

மழைக்காலம் முடிந்த கையோடு ஜனவரியில் வரும் மலிவு வண்டிகளை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தாழ்வான தெருக்களில் நின்ற கார்களுக்குள் தண்ணீர் புகுந்தது. தரையோடு தரையாக உட்காரும் ஸ்போர்ட்ஸ் காருக்கு முழங்கால் தண்ணீரே அதிகம். இருக்கையை மாற்றலாம், கம்பளத்தை மாற்றலாம். சீட் பெல்ட்டை யாரும் மாற்றுவதில்லை. அதைச் சுருளிலிருந்து கடைசிவரை இழுத்துப் பாருங்கள். வழக்கமாக வெளியே வராத அந்தக் கடைசி முழத்தில் காய்ந்த சேற்றின் கோடு தெரிந்தால், முந்தைய காப்பீட்டு கிளெய்ம் விவரத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்காமல் விலை பேசவே ஆரம்பிக்க வேண்டாம்.