டிரைவரைத் தேடும் முன் சிப்பைப் பாருங்கள்

நாகர்கோவிலில் இருந்துகொண்டு, குமரி மாவட்டத்துப் பள்ளிகளின் கணினி அறைகளுக்கும் கடைகளுக்கும் சிறு தொழிற்கூடங்களுக்கும் ராஸ்ப்பெரி பை போன்ற சிறிய லினக்ஸ் கணினிகளை அமைத்துக் கொடுப்பதும், பழுது வந்தால் சரிசெய்வதும் என் தொழில். யுஎஸ்பி வைஃபை அடாப்டர் தொடர்பாக என்னை அழைப்பவர்கள் அநேகமாக எல்லாரும் முதலில் கேட்பது, "இதற்கு டிரைவர் எங்கே கிடைக்கும்?" என்பதுதான். டிரைவர் என்பது ஒரு கருவியைக் கணினி இயக்க உதவும் மென்பொருள். விண்டோஸில் பழகியவர்களுக்கு அது இயல்பான கேள்வி. ஆனால் லினக்ஸில் அந்தக் கேள்வியோடு தொடங்குகிறவர், பெரும்பாலும் அரை நாளை வீணாக்கிவிட்டு, கணினியையும் முன்னிருந்ததைவிட மோசமான நிலைக்குக் கொண்டுபோன பிறகுதான் என்னிடம் வருகிறார். லினக்ஸில் டிரைவர்களில் பெரும்பகுதி, இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. ஆகவே முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு: அடாப்டருக்குள் இருக்கும் சிப் எது, இந்தக் கணினியில் இப்போது ஓடும் கர்னலின் பதிப்பு எது.

இதை நான் நன்றாக உணர்ந்தது குலசேகரம் அருகே ஒரு புகைப்புரையில். ரப்பர் ஷீட் சீராக உலர வேண்டுமானால் புகைப்புரைக்குள் வெப்பம் ஏறத்தாழ 50 முதல் 60 டிகிரி செல்சியஸுக்குள் நிற்க வேண்டும். கூடினால் ஷீட்டில் குமிழி விழும், குறைந்தால் ஈரம் தங்கிப் பூசணம் பிடிக்கும். அதைக் கவனிப்பதற்காக உள்ளே வெப்ப உணரிகளை மாட்டி, வெளிச்சுவரில் ஒரு தகரப் பெட்டிக்குள் ராஸ்ப்பெரி பை 3 கணினியை வைத்திருந்தார்கள். அந்தக் கணினியிலேயே வைஃபை உண்டு; என்றாலும் தகரப் பெட்டிக்குள் அதன் அலை வெளியே வராது என்பதால், ஆன்டெனா உள்ள யுஎஸ்பி அடாப்டர் ஒன்றை நீட்டிப்பு வயரில் மாட்டிப் பெட்டிக்கு வெளியே தொங்கவிட்டிருந்தார்கள். ஒரு நாள் சாயங்காலம் உரிமையாளர் அழைத்தார். "சாரே, காலையில நல்லா ஓடிச்சு, உச்சைக்கு மேல நெட்டே இல்ல. டிரைவர் போயிட்டுதுன்னு மகன் சொல்லுகான்."

மறுநாள் போனேன். உச்சி வேளையில் நடந்தது கணினிப் புதுப்பித்தல் என்று தெரிந்தது. கல்லூரியில் படிக்கும் மகன் புதுப்பித்தலை ஓட்டியிருக்கிறார். மறுதொடக்கத்துக்குப் பின் வைஃபை வரவில்லை. பதறிப்போய், இணையத்தில் கிடைத்த மூன்று வெவ்வேறு நிறுவல் ஸ்கிரிப்டுகளை (கட்டளைத் தொகுப்புகளை) சூடோ என்னும் நிர்வாகி அதிகாரத்துடன் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டிவிட்டார். எதுவும் பலிக்கவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் 2023 இறுதியில் அந்த அடாப்டரை முதன்முதலாக அமைத்தவரும் அப்படியொரு ஸ்கிரிப்டை ஓட்டித்தான் அதை வேலை செய்ய வைத்திருந்தார்.

நான் முதலில் கொடுத்த கட்டளை 'எல்எஸ்யுஎஸ்பி'. யுஎஸ்பி வழியாக இணைந்திருக்கும் ஒவ்வொரு கருவியின் அடையாள எண்ணையும் அது ஒரு வரியில் காட்டும். இரண்டு பக்கமும் நான்கு நான்கு எழுத்துகளாக, நடுவில் முக்காற்புள்ளியுடன் இருக்கும் அந்த எண்ணின் முதல் பாதி தயாரிப்பாளரையும் மறு பாதி கருவியையும் குறிக்கும். இங்கே வந்தது 0பிடிஏ:8179, அதாவது ரியல்டெக் நிறுவனத்தின் ஆர்டிஎல்8188இயு வகைச் சிப். அடுத்து 'யுனேம்' கட்டளையை 'ஆர்' என்ற விருப்பத்துடன் கொடுத்தேன், கர்னல் 6.6 என்று வந்தது. இந்த இரண்டு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதே பாதிப் புதிர் அவிழ்ந்துவிட்டது. இந்தச் சிப்புக்கான ஆதரவு, கர்னலோடு வரும் 'ஆர்டிஎல்8எக்ஸ்எக்ஸ்எக்ஸ்யு' என்னும் டிரைவரில் 6.3 பதிப்பிலேயே சேர்ந்துவிட்டது. 6.6 ஓடும் கணினிக்கு வெளியிலிருந்து எந்த டிரைவரும் தேவையில்லை.

அப்படியானால் ஏன் ஓடவில்லை? அந்த டிரைவரை 'மோட்ப்ரோப்' கட்டளையால் கையால் ஏற்றிப் பார்த்தேன். தகரப் பெட்டிக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்த அடாப்டரின் சிறிய நீல விளக்கு மினுங்கத் தொடங்கியது; சில நொடிகளில் வீட்டு வைஃபையின் பெயரும் பட்டியலில் வந்தது. டிரைவர் கணினியிலேயே இருந்தது, தானாக ஏறுவதை மட்டும் ஏதோ தடுத்துக்கொண்டிருந்தது. 'மோட்ப்ரோப்' அமைப்புக் கோப்புகள் இருக்கும் அடைவைத் திறந்து பார்த்தபோது, 2023இல் ஓட்டிய ஸ்கிரிப்ட் விட்டுச்சென்ற இரண்டு வரிக் கோப்பு ஒன்று அங்கே கிடந்தது. கர்னலோடு வந்த டிரைவர்கள் தன் டிரைவரோடு மோதக் கூடாது என்பதற்காக, அந்த ஸ்கிரிப்ட் அவற்றைத் தடைப்பட்டியலில் சேர்த்திருந்தது.

அன்றைக்கு 6.1 கர்னலில் அது நியாயமான காரியம்தான். ஆனால் வெளியிலிருந்து வந்த டிரைவர் 6.1 கர்னலுக்காக மட்டுமே தொகுக்கப்பட்டது, அதாவது மூல நிரலிலிருந்து இயங்கும் வடிவத்துக்கு மாற்றப்பட்டது. புதுப்பித்தலில் கர்னல் 6.6 ஆனபோது அந்த டிரைவர் பின்தங்கிவிட்டது. தடைக் கோப்போ அப்படியே தொடர்ந்தது. பழைய டிரைவரும் இல்லை, புதிய டிரைவருக்கும் அனுமதி இல்லை. அந்தக் கோப்பை நீக்கி, முந்தைய நாள் ஓட்டிய மூன்று ஸ்கிரிப்டுகளும் விட்டுச்சென்ற மிச்சங்களைத் தேடி அகற்றி, மறுதொடக்கம் செய்தேன். கோப்பை நீக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மிச்சங்களை அகற்றத்தான் இரண்டு மணி நேரம் ஆயிற்று.

அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றியே இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இப்படி நிறுவும் டிரைவர், அதாவது கர்னல் மாட்யூல், சாதாரணச் செயலி அன்று. அது கர்னலின் முழு அதிகாரத்துடன் ஓடும். கணினியில் உள்ள எந்தக் கோப்பையும் படிக்கலாம், எந்த விசைத்தட்டலையும் கவனிக்கலாம். யார் எழுதியது, எப்போது கடைசியாகத் திருத்தப்பட்டது என்று பார்க்காமல், ஒரே வரியில் இறக்கி ஒரே வரியில் சூடோவுடன் ஓட்டச் சொல்லும் ஸ்கிரிப்டை, வங்கிக் கணக்கும் ஜிஎஸ்டி கணக்கும் பார்க்கும் கடைக் கணினியில் ஓட்டுவது, கல்லாப்பெட்டிச் சாவியை முன்பின் தெரியாதவர் கையில் கொடுப்பதற்குச் சமம். மூல நிரலே இல்லாமல், ஏற்கெனவே தொகுத்த மாட்யூல் கோப்பை மட்டும் தரும் பக்கங்களை நான் அறவே தவிர்க்கிறேன். அப்படிப்பட்ட கோப்பு பெரும்பாலும் வேறொரு கர்னலுக்காகத் தொகுக்கப்பட்டிருக்கும் என்பதால், ஏற்றும்போது 'மாட்யூல் வடிவம் செல்லாது' என்ற பிழைதான் வரும்.

வெளியிலிருந்துதான் டிரைவர் வேண்டும் என்ற நிலை உண்மையிலேயே வருவதும் உண்டு. அப்போது நம்பத்தகுந்த மூல நிரலை எடுத்து, டிகேஎம்எஸ் என்னும் அமைப்பின் வழியாக நிறுவ வேண்டும். கர்னல் மாறும் ஒவ்வொரு முறையும் டிரைவரை அது தானே மறுபடி தொகுத்துக்கொள்ளும். குலசேகரத்தில் 2023இல் அதைச் செய்திருந்தால், 6.6 வந்தபோது டிரைவர் குறைந்தபட்சம் மறுதொகுப்புக்கு முயன்றிருக்கும். தொகுப்பதற்கு, ஓடும் கர்னலோடு சரியாகப் பொருந்தும் ஹெடர் பொதியும் (கர்னலின் அமைப்பை விவரிக்கும் கோப்புகளின் தொகுப்பும்) தேவை. கர்னலைப் புதுப்பித்துவிட்டு மறுதொடக்கம் செய்யாமல் தொகுக்க முயல்வதே இங்கே நான் அதிகம் காணும் தவறு: ஓடிக்கொண்டிருப்பது பழைய கர்னல், வட்டில் இருக்கும் ஹெடர் புதிய கர்னலுக்கானது.

ராஸ்ப்பெரி பை 4 கணினியில் இன்னொரு மறைவான சிக்கல் உண்டு. 2023 முதல், 32 பிட் இயங்குதளத்தை நிறுவியிருந்தாலும் கர்னல் மட்டும் 64 பிட்டாக ஏறுவது அந்தக் கணினியில் இயல்பு நிலையாகிவிட்டது. 'யுனேம்' கட்டளை 64 பிட் என்கிறது, தொகுப்பியோ 32 பிட்டுக்கானது. டிரைவர் தொகுப்பு புரியாத பிழைகளைச் சொல்லி நின்றுவிடுகிறது. பூட் பகுதியிலுள்ள கான்ஃபிக் கோப்பில் 64 பிட் அமைப்பைச் சுழியமாக்கிவிட்டு மறுதொடக்கம் செய்தால் இரண்டும் பொருந்திவிடும். 64 பிட் இயங்குதளத்தையே புதிதாக நிறுவுவது இன்னும் நல்லது.

வைஃபையே இல்லாத கணினிக்கு ஹெடரை எப்படி இறக்குவது என்று கேட்பவர்களுக்கு என் விடை எளிது. ஆண்ட்ராய்டு போனை சார்ஜர் வயரில் கணினியோடு இணைத்து, போனில் யுஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். லினக்ஸ் அதைக் கம்பிவழி வலையமைப்பாகவே எடுத்துக்கொள்ளும், தனி டிரைவர் எதுவும் வேண்டாம்.

அந்தச் சமயத்தில் தேதியையும் பாருங்கள். ராஸ்ப்பெரி பை 4 வரையிலான கணினிகளில் நேரத்தைக் காக்கும் கடிகாரச் சிப் இல்லை. இணையம் இல்லாமல் எழும்பும்போது, கடைசியாக அணைத்த நேரத்திலிருந்தே அவை எண்ணத் தொடங்கும். மார்த்தாண்டம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் கோடை விடுமுறை முடிந்து திறந்த கணினி அறையில், எல்லாக் கணினிகளும் ஏப்ரல் மாதத்திலேயே நின்றிருந்தன. பொதிப் பட்டியல் 'இன்னும் நடப்புக்கு வரவில்லை' என்று, மென்பொருள் பொதிகளை இறக்கி நிறுவும் ஆப்ட் மறுத்துக்கொண்டே இருந்தது. ஆசிரியர் அதை டிரைவர் பழுது என்று நினைத்து, இரண்டு நாள் அடாப்டர்களை மாற்றி மாற்றிச் செருகிக்கொண்டிருந்தார்.

டிரைவரின் மேல் பழி விழுந்து, உண்மையில் மின்சாரம் குற்றவாளியாக இருக்கும் வழக்குகளும் நிறைய. ராஸ்ப்பெரி பை 3 கணினிக்கு 5.1 வோல்ட்டில் 2.5 ஆம்பியரும், பை 4 கணினிக்கு 3 ஆம்பியரும் தரும் மின் அடாப்டர்களைத் தயாரிப்பாளரே பரிந்துரைக்கிறார். பழைய போன் சார்ஜரும் மெல்லிய வயரும் அதைத் தராது. வைஃபை அடாப்டர் வேகமாகத் தரவு அனுப்பும் கணத்தில் மின்னழுத்தம் சரிந்து, அடாப்டர் துண்டித்துத் துண்டித்து மறுபடி இணையும். குளச்சலில் கடற்கரையை ஒட்டிய ஒரு கடையில் இதே அறிகுறியைப் பார்த்தேன். கர்னல் பதிவேட்டைக் காட்டும் 'டிமெசேஜ்' (dmesg) கட்டளையில், மின்னழுத்தக் குறைவு பற்றிய எச்சரிக்கையும் யுஎஸ்பி துண்டிப்பும் மாறி மாறி வந்தன. சார்ஜரை மாற்றியும் முழுதாகத் தீரவில்லை. அடாப்டரைக் கழற்றிப் பார்த்தால், யுஎஸ்பி முனையின் நான்கு தகடுகளில் ஒன்று உப்புக்காற்றில் பச்சை பூத்திருந்தது. கடலோரக் கடைகளுக்கு வைக்கும் அடாப்டர்களின் முனையை இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்துவிடும்படி சொல்லிவருகிறேன்.

டிரைவர் ஏறி, விளக்கும் எரிந்து, ஒரு குறிப்பிட்ட வைஃபை மட்டும் பட்டியலில் தென்படவில்லை என்றால் நாட்டு அமைப்பைப் பாருங்கள். இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸில் 12, 13ஆம் சேனல்களுக்கும் அனுமதி உண்டு. அமெரிக்கா என்று அமைத்த கணினி அவற்றை எட்டிப் பார்க்காது. ராஸ்ப்பெரி பையில் நாடு எதுவென்றே அமைக்காவிட்டால் வைஃபை பூட்டியே இருக்கும்.

புதிதாக அடாப்டர் வாங்குபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெட்டியில் அச்சிட்ட மாடல் பெயரை நம்பி வாங்காதீர்கள். டிபி-லிங்க் நிறுவனத்தின் டபிள்யூஎன்722என் என்ற மாடலின் முதல் பதிப்பில் ஏத்தெராஸ் ஏஆர்9271 சிப் இருந்தது. இரண்டாம் பதிப்பிலிருந்து ரியல்டெக் சிப். பெயர் ஒன்று, டிரைவர் வேறு. ஏஆர்9271 சிப்புக்கான டிரைவர் 2010 முதலும், மீடியாடெக் எம்டி7601யு சிப்புக்கு 2015இல் வந்த 4.2 கர்னல் முதலும், எம்டி7612யு சிப்புக்கு 2018இல் வந்த 4.19 முதலும், எம்டி7921ஏயு சிப்புக்கு 2022இல் வந்த 5.18 முதலும் கர்னலோடு சேர்ந்தே வருகிறது. ரியல்டெக்கின் 8821சியு, 8822பியு போன்ற சிப்புகளுக்கும் 6.2 கர்னல் முதல் அந்த வசதி வந்துவிட்டது. சிப் எது என்று கடைக்காரர் சொல்ல முடியாவிட்டால், கையில் மடிக்கணினி கொண்டுபோய் அங்கேயே செருகி அடையாள எண்ணைப் பார்த்துவிட்டு வாங்குவதில் தவறே இல்லை. வடசேரியில் எனக்குத் தெரிந்த கடைக்காரர் ஒருவர் இப்போது தாமாகவே அதற்கு இடம் கொடுக்கிறார். செருகியதும் அடாப்டருக்குப் பதில் ஒரு குறுவட்டு இயக்கி திரையில் தோன்றினால், விண்டோஸ் டிரைவரைத் தன்னுள் சுமந்து வரும் வகை அது. யுஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்னும் பொதியை நிறுவினால் பல மாடல்கள் வைஃபை முகத்துக்கு மாறிவிடும்.

குலசேகரத்துத் தகரப் பெட்டியின் மூடிக்கு உட்புறம் ஒரு தாளை ஒட்டி, மேலே செலோடேப் போட்டுவிட்டு வந்தேன். அடாப்டரின் அடையாள எண், சிப்பின் பெயர், டிரைவர் கர்னலோடு வந்தது என்ற குறிப்பு, அன்றைய கர்னல் பதிப்பு, தேதி ஆகிய ஐந்தே வரிகள். அடுத்த புதுப்பித்தலின்போது மகன் என்னை அழைத்து, அந்தத் தாளை வாசித்துக் காட்டிவிட்டு, "கர்னல் மட்டும் மாறியிருக்கு, வைஃபை ஓடுது, அந்த வரியத் திருத்தி எழுதிக்கட்டா?" என்று கேட்டார். எழுதிக்கொள்ளச் சொன்னேன்.