சூடோ அனியூரிசம்: இதில் எது பொய்?

கடலூர் முதுநகரில் எங்கள் பக்கத்து வீட்டு அண்ணனுக்குப் படகின் விளிம்பு தொடையில் இடித்தது. தோல் கிழியவில்லை. ஊமைக்காயம்தானே என்று புளியும் உப்பும் காய்ச்சிப் பற்றுப் போட்டார்கள். கன்றிய நீலம் மஞ்சளாகி மறைந்தும் போனது. மூன்றாம் வாரம் அதே இடத்தில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு கட்டி. கை வைத்தால் நாடி போலத் துடித்தது. ஸ்கேன் அறிக்கையில் 'சூடோ அனியூரிசம்' என்றிருந்தது. மகன் கைப்பேசியில் பார்த்துவிட்டு, "சூடோன்னா பொய்யாம்ப்பா" என்றான். பொய்க் கட்டிக்கு எதுக்குப் பயம் என்று அண்ணன் கடலுக்குக் கிளம்ப, அண்ணி அறிக்கையோடு என் வீட்டுக்கு வந்துவிட்டார்.

பையன் சொன்ன பொருள் சரிதான். கிரேக்கத்தில் 'சூடோ' பொய், 'அனியூரிசம்' அகன்று விரிதல். ஆனால் பொய் எது என்பதில்தான் சிக்கல்.

இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் குழாய் தமனி. அதன் சுவரில் மூன்று அடுக்கு. மூன்றும் சேர்ந்து உப்பினால் அது மெய்யான அனியூரிசம். அடிபட்டுச் சுவரே கிழிந்து, கசிந்த ரத்தத்தைச் சுற்றியுள்ள தசையும் உறைந்த ரத்தக் கட்டியும் மட்டும் பிடித்து வைத்திருந்தால், அது சூடோ. ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தம் அந்தப் பைக்குள் புகுந்து வெளியேறும். பை மெல்லப் பெரிதாகும். அதனால்தான் நாள்கள், வாரங்கள் கழித்துத் தெரியவருகிறது. வண்டி மோதலில் நெஞ்சில் அடிபட்டவர்களுக்குப் பெருந்தமனியில் இப்படி உண்டாகி, வருடங்கள் கழித்து எக்ஸ்ரேயில் தென்படுவதும் உண்டு. இதைச் சீழ்க்கட்டி என்று நினைத்துக் கீறினால் உயிருக்கே ஆபத்து.

தமனி என்ற சொல்லும் சுவையானது. ஊதுதல் என்னும் பொருளுள்ள வடமொழி வேரிலிருந்து வந்தது. கிரேக்கரும் அதில் காற்று ஓடுவதாக நம்பியதுண்டு. இறந்த உடலில் தமனி வெறுமையாகக் கிடக்குமே! உள்ளே இருப்பது ரத்தம் என்று 2ஆம் நூற்றாண்டில் காட்டியவர் கிரேக்க மருத்துவர் காலென்.

தமிழில் என்ன சொல்லலாம்? 'வீக்கம்' போதாது, கொசு கடித்தாலும் வீக்கம்தான். 'அழற்சி' தவறு, அது வேறு விஷயம். 'நரம்பு புடைக்கக் கத்தினான்' என்கிறோமே, அந்தப் 'புடைப்பு' கச்சிதம். அனியூரிசம் தமனிப் புடைப்பு. சூடோவுக்குப் 'பொய்ப்புடைப்பு' என்றால் அண்ணன் மறுபடி படகேறிவிடுவார். பொய்க்கால் குதிரையில் கால்தானே பொய், ஆட்டம் நிஜம். ஆகவே என் தேர்வு 'பொய்ச்சுவர்ப் புடைப்பு'.

அண்ணனிடம் அப்படித்தான் சொன்னேன். "அப்ப இதைத் தாங்கறதுக்குச் சுவரே இல்லையா?" என்று தொடையைப் பார்த்தார். அன்று மாலையே புதுச்சேரிக்குப் புறப்பட்டார்கள்.