கிளினிக்கில் ஆய்வுக்குக் கேட்டால்: கையொப்பம் வைக்க முதல்

கர்ப்பிணி கிளினிக்கில் இரத்தமும் சிறுநீரும் எடுப்பது வழக்கம். இரத்த வகை, ஹீமோகுளோபின், சீனி, சிபிலிஸ், எச்.ஐ.வி. போன்ற பரிசோதனைகள் அரச கிளினிக்குகளில் இலவசமாகச் செய்யப்படுகின்றன. அவை தாயினதும் பிள்ளையினதும் நலனுக்கானவை. ஆனால் அதே வாங்கில் காத்திருக்கும்போது வேறொருவர் வந்து, “அக்கா, நாங்கள் ஒரு ஆய்வு செய்யிறம். இன்னும் கொஞ்சம் இரத்தம் தருவீங்களா? வீட்டுக் கிணற்றுத் தண்ணியும் ஒரு போத்தல் வேணும்” என்று கேட்டால், அது வேறு விடயம். அதற்கென்று தனி விதிகள் இருக்கின்றன. யாழ்ப்பாணத்துப் பெண்கள் பலருக்கு அந்த விதிகளை யாரும் இருத்திச் சொல்லிக் கொடுப்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கேட்க வேண்டிய முதற் கேள்வி இதுதான்: “மிஸ், இது கிளினிக்குக்கா, ஆய்வுக்கா?” சில வேளைகளில் இரண்டையும் ஒரே ஆளே எடுப்பார். குடும்பநல மாதுவே ஆய்வுக்காரரை அறிமுகம் செய்து வைப்பார். அப்போது மறுப்பது மரியாதையில்லை என்று பெண்கள் நினைத்துவிடுகிறார்கள். மறுக்கலாம். மறுத்ததற்காகக் கிளினிக்கில் கிடைக்கும் எந்தச் சேவையும் குறையக்கூடாது. சத்துமா, இரும்புச்சத்துக் குளிசை, ஸ்கான், பிரசவம் எல்லாம் உங்களுக்கு முன்புபோலவே கிடைக்க வேண்டும்.

எந்த அனுமதி வேண்டும்?

மனிதரிடம் செய்யும் எந்த மருத்துவ ஆய்வும் தொடங்க முன்னர், பங்கேற்பவரின் நலனும் உரிமையும் காக்கப்படுகின்றனவா என்று பார்க்கும் ஒழுக்கநெறி மீளாய்வுக் குழுவொன்றின் அனுமதியைப் பெற வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்திலும் அத்தகைய குழு இருக்கிறது. மனிதரிடம் செய்யும் ஆய்வுகளுக்கான நெறிகளைச் சொல்லி 1964 இல் உலக மருத்துவச் சங்கம் வெளியிட்ட ஹெல்சிங்கிப் பிரகடனம் இந்த முறைக்கு அடிப்படை. உங்களிடம் தரும் தகவல் தாளில் அனுமதி இலக்கம், ஆய்வாளரின் தொலைபேசி இலக்கம், குழுவைத் தொடர்பு கொள்ளும் வழி ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். தாளே தராமல் கையொப்பம் மட்டும் கேட்டால் வைக்காதீர்கள்.

புதிய மருந்தையோ மருத்துவக் கருவியையோ பரிசோதிக்கும் ஆய்வென்றால் இது மட்டும் போதாது. 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் அனுமதியும் வேண்டும். அப்புறம், இத்தகைய மருந்து, சிகிச்சை ஆய்வுகளைப் பதிவதற்கு இலங்கை மருத்துவச் சங்கம் 2006 இலிருந்து நடத்தும் பதிவேடும் இருக்கிறது. அதை எவரும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். விபரங்கள் ஆங்கிலத்தில் இருக்கும் என்பதால், பதிவு இலக்கத்தைக் குறித்து வந்து வீட்டில் படிக்கிற பிள்ளையிடம் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள்.

சம்மதம் யாருடையது?

உங்களுடையது. கணவரோடு, அம்மாவோடு, மாமியோடு கதைத்து முடிவெடுக்க நேரம் கேட்கலாம். தாளை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். ஆனால் அவர்களுடைய கையொப்பம் உங்களுடைய கையொப்பத்துக்கு ஈடாகாது. பெண்ணின் சம்மதத்துக்குப் பதிலாக வேறொருவரின் அனுமதியை எந்த நிலையிலும் ஏற்கக்கூடாது என்று மருத்துவ ஆய்வுக்கான 2016 ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டல் தெளிவாகச் சொல்கிறது. 18 வயதுக்குக் குறைந்தவரென்றால் பெற்றோரின் சம்மதமும் வேண்டும், பிள்ளையின் விருப்பமும் வேண்டும்.

தகவல் தாள் தமிழில் இருக்க வேண்டும். தமிழில் இருந்தும் விளங்காவிட்டால் வாயால் விளக்கச் சொல்லிக் கேளுங்கள். மருந்து ஆய்வுகளில் ஒரு பகுதியினருக்குப் புதிய மருந்தும் மற்றப் பகுதியினருக்கு வழக்கமான மருந்தும், சிலவற்றில் மருந்தில்லாத வெறும் குளிசையும் கொடுப்பார்கள். யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில்தான் தீர்மானிப்பார்கள். இதை முன்கூட்டியே சொல்லாமல் சேர்ப்பது பிழை. இடையில் விலக நினைத்தால் காரணம் சொல்லாமலே விலகலாம். பஸ் காசும் சாப்பாட்டுச் செலவும் தரலாம். மறுக்க மனம் வராத அளவுக்குப் பெரிய தொகை தரக்கூடாது. ஆய்வால் உடலுக்குத் தீங்கு வந்தால் இலவசச் சிகிச்சையும் நட்டஈடும் பெறும் வழி படிவத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.

எனக்கு மிகவும் கவலை தருவது இரகசியம் பற்றிய பகுதி. கருச்சிதைவு, குடும்பக் கட்டுப்பாடு, பிள்ளை இல்லாமை, வீட்டில் அடி, இதெல்லாம் இனப்பெருக்கச் சுகாதார ஆய்வுகளில் கேட்கப்படும் கேள்விகள். ஊர் சின்னது. வினாக்கொத்துடன் வருபவர் ஒன்றுவிட்ட மச்சாளாகவும் இருக்கலாம். ஆகவே, தனி அறையில் கேட்கச் சொல்லவும், ஊர்க்காரர் அல்லாத ஒருவரை அனுப்பச் சொல்லவும், ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லாமல் விடவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. விடைத்தாளில் பெயருக்குப் பதிலாக இலக்கம் போடுகிறார்களா என்று பாருங்கள். மிஞ்சும் இரத்தத்தை என்ன செய்வார்கள் என்றும் கேளுங்கள். அதைச் சேமித்து வைப்பதானாலும் வெளிநாட்டுக்கு அனுப்புவதானாலும் அதற்கு நீங்கள் தனியாகச் சம்மதிக்க வேண்டும்.

இவ்வளவு எச்சரிக்கை சொல்வதால் ஆய்வுக்குப் போக வேண்டாம் என்று சொல்வதாக எண்ண வேண்டாம். கர்ப்பிணிகளை ஆய்வுகளிலிருந்து ஒதுக்கியதால் பெண்கள்தான் நட்டப்பட்டார்கள். கர்ப்பகால வாந்திக்குக் கொடுத்த தாலிடோமைட் மருந்தால் 1960 ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் கை கால் குறைபாட்டோடு பிறந்தார்கள். அந்தப் பயத்தில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1977 இல் பிள்ளை பெறக்கூடிய பெண்களை ஆரம்பக் கட்ட மருந்து ஆய்வுகளிலிருந்து விலக்கியது. 1993 இல்தான் அந்த விலக்கு நீங்கியது. இன்றும் பல மருந்துகளைக் கர்ப்பிணிக்குக் கொடுக்கலாமா என்று கேட்டால், போதிய தரவில்லை என்பதே டொக்டரின் பதிலாக இருக்கிறது.

கிணற்றுத் தண்ணீர் எதற்கு?

குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை. தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி அராலியில் கடல்நீரேரியோடு சேரும் வழுக்கையாறும் மாரியில்தான் ஓடும். வன்னியின் கனகராயன் ஆற்று நீரை ஆனையிறவுக் கடல்நீரேரி வழியாக வடமராட்சிக்குக் கொண்டுவரும் ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ திட்டத்தைப் பொறியியலாளர் ஆறுமுகம் 1954 இல் முன்வைத்தார். அது இன்றுவரை முழுமையடையவில்லை. அதே ஆற்றை மறித்த இரணைமடுக் குளத்திலிருந்து குடிநீர் எடுக்கும் திட்டத்துக்குக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பின்னர் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் கட்டப்பட்டு 2024 இல் திறக்கப்பட்டது. ஆனாலும் இன்னும் பல வீடுகளுக்குக் கிணறுதான்.

அடியில் சுண்ணாம்புக்கல். தோட்டத்துக்குப் போடும் யூரியாவும் மலசலகூடக் குழியின் கழிவும் அதன் வெடிப்புகளூடாக நிலத்தடி நீருக்கு இறங்கி, நைத்திரேற்று என்ற கரையும் உப்பாகச் சேர்கின்றன. குடிநீரில் நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டிய தண்ணீரில் கரைத்த பால்மாவைக் குடிக்கும் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் திறனை இழந்து உடல் நீலம் பாரிக்கலாம். கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும். கருவிலிருக்கும் பிள்ளையை அது எப்படிப் பாதிக்கிறது என்பதில் உலகில் நடந்த ஆய்வுகள் ஒரே முடிவைத் தரவில்லை. தாயின் உடல்நிலையையும் அவள் குடிக்கும் தண்ணீரையும் சேர்த்துப் பார்க்கும் ஆய்வு இங்கே தேவைப்படுவது அதனால்தான்.

தண்ணீர் கேட்டு வருபவரிடம் எந்த மாதத்தில், எத்தனை தடவை எடுப்பார் என்று கேளுங்கள். மாரி இறங்கியதும் நிலத்திலுள்ள பசளை கரைந்து கிணற்றுக்கு வரும், கோடையில் நிலைமை மாறும். ஒரு தடவை எடுத்த ஒரு போத்தல் பத்து மாதக் கர்ப்பத்தின் கதையைச் சொல்லாது. வீட்டில் குடிப்பது கிணற்று நீரா, குழாய் நீரா, பவுசர் நீரா என்பதையும் அவர் எழுத வேண்டும். பங்குக் கிணறென்றால் மற்றப் பங்காளிகளிடமும் சொல்லிவிடுங்கள். “இன்னார் கிணறு பழுது” என்ற கதை ஊரில் பரவினால் வருத்தப்படப்போவது எல்லோரும்தான்.

முக்கியமாக, முடிவை உங்களுக்குத் தருவார்களா என்று முன்கூட்டியே கேட்டு, தருவதென்றால் அதைப் படிவத்தில் எழுதுவியுங்கள். சுன்னாகத்தில் மின் நிலையத்தின் கழிவு எண்ணெய் கிணறுகளில் கலந்த விவகாரத்தில், பாதிக்கப்பட்டவர்களுக்கு நட்டஈடு வழங்கும்படி உயர் நீதிமன்றம் 2019 இல் தீர்ப்பளித்தது. அதுபோன்ற நேரத்தில் தன் கிணற்றின் அறிக்கை கையில் இருக்கிற குடும்பம் அலையத் தேவையில்லை.

ஆய்வு எதுவும் வராவிட்டாலும் சோதிக்கலாம். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் கட்டணம் செலுத்திச் சோதிக்க முடியும். கிருமிச் சோதனைக்குக் கிருமிநீக்கிய போத்தலை அவர்களிடமே வாங்கி, தண்ணீர் எடுத்த அன்றே குளிரில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுங்கள். இரசாயனச் சோதனைக்கு வேறு போத்தல். பொதுக் கிணறென்றால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லலாம். அரச நிறுவனமொன்று பொதுக் கிணற்றைச் சோதித்து முடிவை வெளியிடாமல் வைத்திருந்தால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி அந்த நிறுவனத்தின் தகவல் அலுவலரிடம் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். தருவதா மறுப்பதா என்பதை அவர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானித்து அறிவிக்க வேண்டும். விண்ணப்பம் கொடுத்ததற்கான எழுத்துமூலப் பற்றுச்சீட்டை அங்கேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மேன்முறையீடு செய்ய நேர்ந்தால் அது தேவைப்படும்.