ஈரச் சாலையில் ரப்பரின் தயக்கம்

செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவுக்கு ரோடு சைக்கிளில் வேலைக்குப் போய்வரும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஐப்பசி மழை தொடங்கிவிட்டது. புளியரை எஸ் வளைவில் இறங்கும்போது பின்சக்கரம் இரண்டு முறை வழுக்கிவிட்டது. இப்போது இருப்பது 23 மில்லிமீட்டர் டயர். 28 போட்டால் வழுக்காது என்கிறார் நண்பர். மிதிக்கக் கனக்கும் என்கிறார் சைக்கிள் கடை அண்ணாச்சி. யார் சொல்வது சரி?”

நண்பர் சொல்வதுதான் சரி. ஆனால் அண்ணாச்சியின் கவலைதான் சுவையான இடத்துக்கு நம்மைக் கூட்டிப்போகிறது.

வண்டியின் பாரத்தைத் தாங்குவது டயருக்குள் இருக்கும் காற்று. பின்சக்கரத்தில் 48 கிலோ இறங்குகிறது என்று கொள்வோம். 100 பிஎஸ்ஐ என்றால் சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ. ஆக, சாலையைத் தொடும் பரப்பு சுமார் 7 சதுர சென்டிமீட்டர். காற்றை 60 பிஎஸ்ஐக்கு இறக்கினால் அதுவே 11 ஆகிவிடும். டயரின் அகலம் இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அகலம் மாற்றுவது அந்தப் பரப்பின் வடிவத்தை. போன ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் இதைச் செய்து பார்த்தேன். இரண்டு டயர்களிலும் 80 பிஎஸ்ஐ காற்று, ஓரிடத்தில் ஸ்டாம்ப் பேட் மை, அடியில் கட்டம் போட்ட தாள். மகள் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ள, நான் ஏறி உட்கார்ந்தேன். 23இன் தடம் வேப்பிலையைப் போல ஒடுங்கி நீண்டிருந்தது. 28இன் தடம் புங்க இலையைப் போலக் குட்டையாக அகன்றிருந்தது. கட்டங்களை எண்ணினால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. தடம் நீளமாக விழ வேண்டுமானால் டயர் ஆழமாக அமுங்கியாக வேண்டும். ஆகவே ஒரே அழுத்தத்தில் அதிகம் நெளிவது ஒல்லி டயர்தான்.

நெளிந்தால் என்ன? ப்ளஸ் டூவில் காந்தத் தயக்கம் படித்திருப்பீர்கள். ரப்பருக்கும் அந்தக் குணம் உண்டு. அமுக்கும்போது வாங்கிய ஆற்றலை, விடும்போது அது முழுதாகத் திருப்பித் தருவதில்லை. பழைய வடிவுக்குத் திரும்பத் தயங்குகிறது. தராத பங்கு வெப்பமாகிவிடுகிறது. மிதிப்பவரின் உழைப்பை உருளும் சக்கரம் தின்பது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

இதே தயக்கம்தான் ஈரத்தில் நம்மைக் காப்பாற்றுகிறது. காய்ந்த சாலையில் ரப்பர் கல்லோடு நேரடியாக ஒட்டிக்கொள்ளும். மழையில் நடுவே நீர்ப்படலம் வந்துவிட, அந்த ஒட்டுதல் பெருமளவு போய்விடுகிறது. மிஞ்சும் பிடி என்ன? தார்ச்சாலையில் துருத்தி நிற்கும் ஜல்லியின் முனைகள் ரப்பருக்குள் புதைகின்றன. சக்கரம் சறுக்கப் பார்க்கும்போது ஒவ்வொரு முனையும் ரப்பரை உழுதுகொண்டு நகர்கிறது. முனை கடந்துபோன பிறகும் பின்பக்கத்து ரப்பர் உடனே எழுவதில்லை. முன்பக்கத்து ரப்பரோ முனையைத் தள்ளிக்கொண்டே நிற்கிறது. இந்த ஏற்றத்தாழ்வுதான் சறுக்கலைத் தடுக்கும் விசை. உருளும்போது நம்மிடம் திருடுகிற அதே குணம், சறுக்கும்போது கையைப் பிடித்து நிறுத்துகிறது! இரண்டும் நிகழும் வேகம் வேறு: உருளும்போது நெளிவு மெதுவானது, முனைகள் உழுவதோ மிக விரைவானது. மெதுவான நெளிவில் குறைவாகவும் விரைவானதில் அதிகமாகவும் தயங்கும் ரப்பரைச் செய்ய முடிந்தால் இரண்டு நன்மையும் கிடைக்கும். 1990களில் கார் டயர்களில் பரவிய சிலிக்கா கலந்த ரப்பர் அதைத்தான் செய்கிறது.

28 டயரின் உண்மையான பலன், குறைந்த காற்றில் ஓட்டலாம் என்பதே. 23இல் காற்றைக் குறைத்தால் குழியில் இறங்கும்போது ரிம் டியூபைக் கடித்து, பாம்பு தீண்டியதுபோல இரண்டு ஓட்டை போட்டுவிடும். 28இல் இடமிருக்கிறது. தடம் பெரிதாகிறது. இன்னும் நிறைய ஜல்லி முனைகள் பிடிக்குள் வருகின்றன. பாரவண்டிகள் ஓடி ஓடிப் பெயர்ந்த சாலையில் சக்கரம் துள்ளாமல் தரையோடு இருக்கிறது. குறைந்த காற்றில் ரப்பர் நெளிவது கொஞ்சம் கூடினாலும், உடம்பு குலுங்கி வீணாகும் ஆற்றல் மிச்சமாகிறது. கல்போலக் காற்றடித்த டயர் வேகமாக ஓடும் என்ற நம்பிக்கை வழவழப்பான தளத்துக்குப் பொருந்தும். ஆய்வுக்கூடங்களில் டயரைச் சோதிப்பதும் பெரும்பாலும் இரும்பு உருளைகள் மீதுதான். ஒட்டுப்போட்ட நம் மலைச் சாலைகளிலேயே அளந்து பார்க்க, நம் பொறியியல் கல்லூரிகளுக்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும். லட்சக்கணக்கானவர்கள் சைக்கிளில் வேலைக்குப் போகும் நாட்டில் இது ஆடம்பரமான ஆய்வு அல்ல.

தண்ணீர் வெளியேறப் பள்ளம் வெட்டிய டயர் வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறார். தேவையில்லை. விமானச் சக்கரங்கள் நீர்மேல் மிதக்கத் தொடங்கும் வேகத்துக்கு நாசா 1960களில் தந்த சூத்திரத்தில் 60 பிஎஸ்ஐயைப் போட்டால் மணிக்கு ஏறத்தாழ 130 கிலோமீட்டர் வருகிறது. எஸ் வளைவில் எந்தச் சைக்கிளும் அந்த வேகத்தை எட்டாது. ஆனால் சாலையில் போட்ட வெள்ளைக் கோட்டையும் நனைந்த ரப்பர் மர இலைகளையும் விட்டு விலகியே ஓட்டுங்கள். புதைய முனை இல்லாத இடத்தில் எந்த டயருக்கும் பிடி இல்லை.

காற்றைப் பின்னால் 70, முன்னால் 60 என்று தொடங்கி, உங்கள் எடைக்கேற்ப ஐந்தைந்தாக மாற்றிப் பாருங்கள். விரலால் அமுக்கிப் பார்ப்பது போதாது, மீட்டர் உள்ள பம்ப் வேண்டும். வாங்குவதற்கு முன் அண்ணாச்சியிடம் ஒரு 28 டயரை மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவிலும், டயருக்கும் பிரேக்குக்கும் நடுவிலும் 4 மில்லிமீட்டர் ஆலன் கீ (போல்ட் திருகும் அறுகோணக் கம்பி) தாராளமாக நுழைய வேண்டும். ஒட்டி வரும் மண்ணுக்கு அந்த இடைவெளி தேவை. மட்கார்டு போடுவதாக இருந்தால் அதையும் மாட்டிவிட்டே பாருங்கள். நுழையவில்லை என்றால் 25 வாங்குங்கள்.