ராத்திரி சோதனையில் முகத்தைப் படம் எடுத்தால், போனைக் கேட்டால்

போன மாதம் ஒரு ராத்திரி பதினொன்றரை மணி இருக்கும், வேலை முடிந்து பைக்கில் வந்த என் அக்கா மகனை மதுரையில் ஒரு வாகனச் சோதனையில் நிறுத்தியிருக்கிறார்கள். லைசென்ஸ், ஆர்சி எல்லாம் சரியாக இருந்தது. அப்புறம் ஒருவர் தன் போனை அவன் முகத்துக்கு நேரே நீட்டி, "ஹெல்மெட்டைக் கழட்டு தம்பி, இங்க பாரு" என்று படம் எடுத்துவிட்டு, திரையில் வட்டம் சுற்றுவதைப் பார்த்தபடி நின்றாராம். அடுத்து, "உன் போனைத் திற, வாட்ஸ்அப்பைக் காட்டு." பையன் காட்டிவிட்டான். வீட்டுக்கு வந்ததும் கேட்டான்: "மாமா, அவங்க கேட்டா காட்டித்தான் ஆகணுமா?"

அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவில், உயிர் வாழும் உரிமையோடு சேர்ந்தது அது. அதில் அரசு கை வைக்க வேண்டுமானால் முதலில் ஒரு சட்டம் வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், அந்த நோக்கத்துக்குத் தேவையானதைத் தாண்டிப் போகவும் கூடாது. லத்தியோடு வந்தாலும் ஆப்போடு வந்தாலும் போலீசுக்கு இதே அளவுகோல்தான்.

முகத்துக்கு வருவோம். புகைப்படம், கைரேகை, கருவிழிப் பதிவு எடுக்க 2022-ல் குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம் வந்தது. தண்டனை பெற்றவர், கைதானவர், நன்னடத்தைப் பிணை கொடுக்கச் சொல்லி உத்தரவு பெற்றவர் ஆகியோரிடம் எடுக்கலாம், மற்றவரிடம் எடுக்க மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். சும்மா சோதனையில் நிறுத்தப்பட்ட பையன் இதில் எதிலும் வரமாட்டான். படத்தில் இருக்கும் முகத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் முக அடையாள மென்பொருளுக்கென்று தனிச் சட்டமும் நாட்டில் கிடையாது, என்னைக் கேட்டால் பெரிய ஓட்டையே அதுதான். சித்திரைத் திருவிழாவில் கேமராவும் ட்ரோனும் வைப்பதை நான் குறை சொல்ல மாட்டேன், 2022-ல் அழகர் ஆற்றில் இறங்கிய அன்று நெரிசலில் இரண்டு பேர் செத்துப்போனார்கள். ஆனால் கூட்டத்தைக் கவனிப்பது வேறு, சாமி கும்பிட வந்தவர் முகத்தையெல்லாம் சேர்த்து வைப்பது வேறு.

அந்த 2022 அடையாளச் சட்டப்படி எடுத்த பதிவுகள் 75 வருடம் வரை இருக்கும். இதற்கு முன் தண்டனை இல்லாதவர் விடுதலையாகி, மேல்முறையீடும் முடிந்துவிட்டால் பதிவுகளை அழித்தாக வேண்டும், நீதிமன்றம் எழுத்தில் வேறு மாதிரி சொன்னால் ஒழிய. இது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. விடுதலைத் தீர்ப்பின் நகலை வைத்து எழுத்தில் கேளுங்கள்.

இப்போது போன். வண்டியை நிறுத்தி லைசென்ஸ் கேட்க மோட்டார் வாகனச் சட்டம் இருக்கிறது, ஆனால் வாட்ஸ்அப்பைப் படிக்க அதில் இடமில்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 94-வது பிரிவு மின்னணுக் கருவிகளைக் கேட்டு எழுத்தில் உத்தரவு போட வழி செய்கிறது. வாரண்ட் இல்லாமல் அவசரமாகத் தேடுவதென்றால் 185-வது பிரிவுப்படி காரணத்தை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். தேடுதலையும் பறிமுதலையும் வீடியோ எடுக்கச் சொல்கிறது 105-வது பிரிவு. ஆக, போனை வாங்கிக்கொண்டால் பறிமுதல் பட்டியலின் நகலைக் கேளுங்கள். பாஸ்வேர்டைச் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தலாமா என்பதில் மட்டும் நீதிமன்றங்கள் இன்னும் ஒரே பக்கம் நிற்கவில்லை.

ஜாமீனில் இருப்பவர் கூகுள் மேப்பில் தன் இருப்பிடத்தைப் போலீசுக்குக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற நிபந்தனை செல்லாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பொது அவசரநிலை, பொதுப் பாதுகாப்பு தவிர வேறு காரணத்துக்குப் போனை ஒட்டுக்கேட்கக் கூடாது என்று 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் சொன்னது.

ராத்திரி நேரத்தில் தனியாக நின்று வாக்குவாதம் செய்யாதீர்கள். "எந்தப் பிரிவுல கேக்குறீங்க சார்?" என்று தன்மையாகக் கேட்டால் போதும். பெயர்ப் பட்டை, நேரம், இடம் மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் எழுதிவிடுங்கள்.

ஸ்டேஷனுக்குள் நடந்ததென்றால் இன்னும் அவசரம். 2020-ல் அப்பாவும் மகனும் போலீஸ் காவலில் அடிபட்டு இறந்த வழக்கில், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அனுப்பிய மாஜிஸ்திரேட் சாத்தான்குளம் ஸ்டேஷனில் பார்த்தபோது, சிசிடிவி பதிவு அன்றன்றைக்கே அழியும்படி வைக்கப்பட்டிருந்தது. அதே வருடம் டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைக்க வேண்டும், அதற்கு வசதியில்லாத இடத்தில்கூட ஒரு வருடத்துக்குக் குறையக் கூடாது என்று உத்தரவிட்டது. ஆகவே தேதியும் நேரமும் போட்டு, அந்தப் பதிவை வரவழைக்கச் சொல்லி மனித உரிமை ஆணையத்துக்கு உடனே எழுதுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் இலவசச் சட்ட உதவிக்கு 15100-ல் கூப்பிடலாம். பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் காவலில் இருப்பவருக்கும் வருமானக் கணக்கே கேட்க மாட்டார்கள்.